இலையைக் கேட்டபின் மருந்தைத் தேடுவோம்

கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவன் ரோஜாச் செடியைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ரோஜா என்றவுடன் பங்களாத் தோட்டமும், உதகையில் 1995-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரசினர் ரோஜாத் தோட்டமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் அங்கத்தினர்களில் பலருக்கு ரோஜா அலங்காரப் பொருள் அன்று. வாரச் செலவுக்கு வழி. ஓசூர்ப் பக்கத்தில் நீண்ட காம்புடன் ஏற்றுமதிக்குச் செல்லும் ரோஜாவைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது பெரும் முதலும் பசுமைக்குடிலும் வேண்டும் தொழில். பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில் புதராகத் தழைத்து நின்று, மாலை கட்டவும் பூசைக்கும் குல்கந்துக்கும் உதிரிப்பூ தரும் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா ஆகியவற்றைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

இச்செடிகள் நெசவாளர் குடும்பத்துக்கு ஏற்றவை. மழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறிப் பாவு ஓடாத நாட்களிலும், நூல் வரவு தடைப்பட்ட நாட்களிலும், கொல்லையில் உள்ள செடி நாலு காசு தருகிறது. விடியற்காலையில் பூப்பறித்து அனுப்பிவிட்டுத் தறிக்குப் போகலாம். ஆகவேதான் சங்கங்கள் இதற்குக் கடன் கொடுப்பதை நான் எப்போதும் ஆதரித்து வந்திருக்கிறேன். ஆயினும் அப்படி ஆதரித்த நானே ஒரு குடும்பத்துக்குத் தீங்கு செய்ய நேர்ந்தது. அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நியாயம் ஆகாது.

என் சரகத்தில் உள்ள ஒரு சங்கத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர் இருபது சென்ட் ரோஜாவுக்குக் கடன் பெற்றிருந்தார். முதல் ஆண்டுத் தவணைகளைத் தவறாமல் கட்டினார். அடுத்த பங்குனியில் நின்றுவிட்டது. நான் பார்வையிடச் சென்றபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. செடிகளும் நிலத்தில் நின்றன. எனவே ‘வசதியிருந்தும் தவணை கட்டாதவர்’ என்று என் அறிக்கையில் எழுதினேன். சட்டப்படி நோட்டீசும் போயிற்று. மறுமுறை நான் சங்கத்துக்குச் சென்ற அன்று அவருடைய மனைவியார் ஒரு ரோஜாக் கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயா, கடையில் கொடுத்த மூன்று மருந்தையும் அடித்தாயிற்று. இலை இப்படியே வெளுத்துக் கொட்டுகிறது. பூ இல்லை. நீங்கள் படித்தவர்கள். இது என்ன என்று சொல்லுங்கள், பிறகு நோட்டீசைப் பற்றிப் பேசலாம்” என்றார்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவன். அந்தக் கிளையை இப்படியும் அப்படியும் பார்த்தேன். என்னால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அதை வாங்கிக்கொண்டு தோட்டக்கலை அலுவலர் ஒருவரிடம் சென்றேன். அவர் இலையைத் திருப்பினார். ஒரு வெள்ளைத் தாளின் மேல் அதைத் தட்டினார். தாளில் விழுந்த நுண்ணிய புள்ளிகள் ஊர்ந்தன. “செஞ்சிலந்தி” என்றார். கடையில் கொடுத்த மூன்றும் பூச்சிக் கொல்லிகள். சிலந்திப் பேன் பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. ஆகையால் அந்த மருந்துகள் அதை ஒழிக்கவில்லை. ஆனால் அதைத் தின்று வாழும் நன்மைப் பூச்சிகளையும் நன்மைப் பேன்களையும் அவை ஒழித்துவிட்டன. காவற்காரனைக் கட்டிப் போட்டபின் திருடனுக்கு என்ன பயம்? ஒவ்வொரு தெளிப்புக்குப் பின்னும் செஞ்சிலந்தி முன்னிலும் பெருகியிருக்கிறது. அம்மையார் செலவிட்ட காசு நோயை வளர்த்ததே தவிரத் தணிக்கவில்லை.

என் அறிக்கையைத் திருத்தி, தவணையை நீட்டிக்கச் சிபாரிசு செய்தேன். செடிகளில் பெரும்பாலானவை பிழைத்தன, சில பட்டுப்போயின. கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி மட்டும் அந்த வீட்டில் இன்னும் முழுவதும் தீரவில்லை. அன்று முதல், ரோஜாக் கடனைப் பார்வையிடச் சென்றால் ஏட்டைப் புரட்டுமுன் இலையைப் புரட்டிப் பார்க்கிறேன். அதனால் நான் கற்றவற்றையும், அதிலிருந்து என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயத்தையும் அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

ரோஜா இலை கெடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் நம் ஊர்களில் அடிக்கடி காணும் கோளாறுகள் நான்கு. நான்குக்கும் பரிகாரம் வேறுவேறு.

முதலாவது கரும்புள்ளி நோய். இலையின் மேற்புறத்தில் வட்டமான கரிய புள்ளிகள் தோன்றும். புள்ளியின் விளிம்பு வெட்டியெடுத்தாற்போல் நேராக இராது. மை பரவினாற்போல் நார்நாராக இருக்கும். புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். செடியின் அடியிலைகளில் தொடங்கி மேலேறுவது இதன் வழக்கம். இது டிப்ளோகார்பன் ரோசே என்னும் பூஞ்சணத்தால் வருவது. அதன் வித்துக்கள் முளைத்து இலைக்குள் புக வேண்டுமானால், இலை ஏறக்குறைய ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மாலையில் செடியின் தலைமேல் தண்ணீர் ஊற்றுகிறவர் இரவு முழுவதும் இலையை ஈரமாக வைத்து, நோய்க்குத் தாமே பாய் விரிக்கிறார். காலையில், வேரடியில் மட்டும் நீர் பாய்ச்ச வேண்டும். உதிர்ந்த இலைகளிலும் தண்டின் புண்களிலும் தங்கும் பூஞ்சணத்தை மழைத்துளி தெறித்து மேலே கொண்டு செல்கிறது. ஆகவே விழுந்த இலைகளைப் பொறுக்கி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும், எருக்குழியில் போடலாகாது. மழை தொடர்ந்து பெய்யும் காலத்தில் மாங்கோசெப் போன்ற மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். இது நல்ல இலையைக் காக்கும் மருந்தே தவிர, புள்ளி விழுந்த இலையைத் திரும்பப் பச்சையாக்கும் மருந்து அன்று. புள்ளி மறையவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பது வீண்.

இரண்டாவது சாம்பல் நோய். இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் திருநீறு தூவியதுபோல் வெண்பொடி படியும். தளிர் சுருண்டு கோணும். மொட்டு சரியாக விரியாது. பகல் வெதுவெதுப்பாகவும் இரவு குளிர்ந்தும் இருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு உகந்தவை. கரும்புள்ளிக்கு வேண்டியதுபோல் இதற்கு இலையில் நீர் தேங்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பசை இருந்தாலே போதும். எனவே மழையில்லாத நாளிலும் இது வரும். நெருக்கமாகவும் நிழலிலும் உள்ள செடிகளையே முதலில் பற்றும். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, நோய் தலைகாட்டியவுடன் தெளித்தால் அடங்கும். ஆனால் வெயில் கடுமையாக உள்ள நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். எண்ணெய்க் கரைசல் எதையேனும் தெளித்திருந்தால் அதற்குப்பின் இரண்டு வாரமாவது கந்தகத்தைத் தொடலாகாது.

மூன்றாவது நான் முன்பு கூறிய செஞ்சிலந்தி. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தினாற்போல் வெளிர்ப்புள்ளிகள் நிறைந்து, பின்னர் முழு இலையும் வெளுத்துச் செம்பழுப்பாகும். அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை தெரியும். மாசி முதல் கோடை முழுவதும், மழையும் பனியும் இல்லாத காலத்தில் இது பெருகும். வெப்பம் மிகுந்தால் ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை எழும். ஒரு வெள்ளைத் துணித்துண்டின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள். நெசவாளர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. புள்ளிகள் ஊர்ந்தால் ஐயமே வேண்டாம். முதல் பரிகாரம் தண்ணீர்தான். காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து கழுவ வேண்டும். பிறகும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், முதலில் இரண்டொரு செடியில் தெளித்துப் பார்த்து, கெடுதல் இல்லையென்று கண்டபின் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். அதற்கும் மிஞ்சினால் பேன் கொல்லி என்றே விற்கப்படும் மருந்தைத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பூச்சி மருந்தை இதற்கு வாங்குவது பணத்தை எறிவதாகும்.

நான்காவது நோயே அன்று, பசி. செடியின் முதிர்ந்த அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். தளிரிலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. நீர் தேங்கும் நிலத்திலும் வேர் மூச்சடைத்து இதே தோற்றம் வரும். வடிகாலைச் சரிப்படுத்திவிட்டு, அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் அப்போதைக்கப்போது கரைத்து இலைமேல் தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும். கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் பயனில்லை. இந்தப் பசிக்குப் பூஞ்சண மருந்து அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோறு கேட்டவனுக்குக் கஷாயம் கொடுப்பது போன்றது அது.

இனி, நோய் வராமல் காக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்வர்ட் ரோஜாவின் வம்சம், இந்துமாக் கடலில் பூர்போன் என்று அப்போது வழங்கிய ரியூனியன் தீவில், வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. வேலியில் பிழைத்த பரம்பரைக்கு நாள்தோறும் வைத்தியர் தேவையில்லை. அதற்கு வேண்டியவை வெயில், காற்று, வடிகால், எரு ஆகியவையே. நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும். ஒன்றரை அடி ஆழ அகலக் குழியில் மக்கிய தொழு உரம் இட்டு நட வேண்டும். ஆண்டுதோறும் செடிக்குப் பத்து கிலோ தொழு உரம் தரலாம். தழைச்சத்து உரத்தை மட்டும் அளவின்றிப் போட்டால் மெல்லிய தளிர் மிகுந்து சாம்பல் நோய்க்கும் அசுவினிக்கும் விருந்தாகும்.

கவாத்து செய்வதில் பலர் அஞ்சுகிறார்கள். பூக்கும் கிளையை வெட்டலாமா என்று மனம் கூசுகிறார்கள். வெட்டாத புதரின் நடுவில் காற்று புகாது. காற்று புகாத இடத்தில் ஈரம் காயாது. ஈரம் காயாத இடத்தில் நோய் குடியிருக்கும். பட்ட கிளை, மெலிந்த கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கி, நல்ல கிளையை வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே கூரிய கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும். அவரவர் ஊரின் மழையைப் பார்த்துக் காலத்தை வகுத்துக்கொள்ளலாம்; அடைமழை நாளில் மட்டும் வெட்டலாகாது. வெட்டுவாய் வழியே புகும் பூஞ்சணத்தால் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகி வருவதைத் தடுக்க, போர்டோப் பசை தடவுவது நல்லது. மயில்துத்தம் 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே கரைத்துச் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் பசை ஆயத்தம். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் தோய்த்தெடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் தனி மனிதர் செய்யக்கூடியவை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஒருவர் செய்தால் மட்டும் நிலைக்காது என்பதே என் முக்கியமான அபிப்பிராயம். சாம்பல் நோயின் வித்து காற்றில் பறக்கிறது. செஞ்சிலந்தி காற்றிலும், நம் வேட்டி சேலையிலும், பூக்கூடையிலும் ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போகிறது. என் கொல்லையைப் பெருக்கி வைத்து, பக்கத்து வீட்டார் உதிர்ந்த இலையைக் குவித்து வைத்திருந்தால் எனக்கு என்ன காவல்? தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் காலை வேளையை நெசவாளர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாவு ஒரு வீட்டாருடையதே. ஆயினும் வெயில் ஏறுமுன் காரியம் முடிய வேண்டுமென்று நாலு வீட்டார் கை கொடுக்கிறார்கள். நாளை தம் பாவுக்கும் அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பழக்கத்தை ரோஜாக் கொல்லைக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

இதற்கு நான் சொல்லும் யோசனைகள் பெரியவை அல்ல. ரோஜாக் கடன் கொடுத்துள்ள ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு இருமுறை, கவாத்தை ஒட்டி ஒருமுறையும் கோடை தொடங்கும்போது ஒருமுறையும், ஒரு பொது நாளைக் குறித்து எல்லாத் தோட்டங்களையும் ஒருங்கே துப்புரவு செய்யலாம். சங்கத்தில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், இரண்டு தெளிப்பானும், சில நல்ல கத்தரிகளும் பொதுவில் இருக்கலாம். கந்தகத் தூள், அன்னபேதி, மயில்துத்தம், வேப்பெண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக வழங்கலாம். எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் என்ன கோளாறு கண்டது, என்ன செய்தார்கள், என்ன பலன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், மூன்று ஆண்டில் அதுவே அவ்வூருக்குத் தனி வைத்திய நூலாகிவிடும்.

“கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் சங்கத்தின் வேலை, இலையைப் பார்ப்பது சங்கத்தின் வேலையா?” என்று நிர்வாக சபை அங்கத்தினர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ரோஜாக் கடனுக்கு ஈடு எது? பத்திரத்தில் எழுதிய நிலமா? நிலத்தை ஏலம் போட்டுக் கடனை வசூலிப்பது கூட்டுறவின் தோல்வியே தவிர வெற்றி அன்று. செடி பூத்தால் தவணை வரும். செடி பட்டால் நிலுவை வரும். ஆதலால் இலையைப் பார்ப்பதும் கடனைப் பார்ப்பதும் ஒன்றே. தறியில் ஓர் இழை அறுந்தவுடன் நிறுத்தி முடிபோடுகிறவர், பாவு முழுவதும் சிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை.

மற்றோர் ஆட்சேபம் அங்கத்தினர்களிடமிருந்து வருகிறது. அதற்கு நாமே தலை குனிய வேண்டும். “கடைக்காரர் கேட்டவுடன் கடனுக்கு மருந்து தருகிறார். சங்கத்தில் மனுக் கொடுத்தால் தீர்மானம் ஆகவே ஒரு மாதம் செல்கிறது. நோய் அதுவரை காத்திருக்குமா?” என்கிறார்கள். காத்திராது. பத்து நாளில் ஒரு தலைமுறை காணும் செஞ்சிலந்திக்கு முன்னால் முப்பது நாள் செல்லும் மனு தோற்றுத்தான் போகும். கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தம் சரக்கை விற்கிறார். நாம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் அவர் வைத்தியராகவும் ஆகிவிட்டார். ஆகவே சிறு தொகைக்குச் சங்கக் கையிருப்பிலிருந்து அன்றே பொருள் கொடுத்து, பின்னர் நிர்வாக சபையின் ஒப்புதலைப் பெறும் அதிகாரத்தைக் காரியதரிசிக்கு அளிக்கப் பொதுச்சபை முன்வர வேண்டும். உரிய வரம்பும் கணக்கும் இருந்தால் இதில் தவறு நேராது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவையான இடத்தில், தேவையான அளவில், மாற்றி மாற்றி உபயோகிக்க வேண்டும். ஒரே மருந்தை விடாமல் அடித்தால் நோய் அதற்குப் பழகிவிடும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நம் ரோஜா தலையில் சூடப்படுகிறது. சுவாமிக்குச் சாத்தப்பட்டுப் பிரசாதமாகக் குழந்தையின் கைக்கு வருகிறது. குல்கந்தாகி வாய்க்குள்ளும் போகிறது. விடியற்காலையில் வெறுங்கையால் பூப்பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மக்கள். மாலையில் தெளித்த நஞ்சின் மேல் அவர்கள் கை படுகிறது. புட்டியின் மேல் அச்சிட்டுள்ள காத்திருப்பு நாள் கழியாமல் பூப்பறிக்கக் கூடாது என்பதையும், தெளிப்பவர் மூக்கையும் வாயையும் மூடிக் கையுறை அணிய வேண்டும் என்பதையும் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். குல்கந்துக்குப் போகும் பூவில் நஞ்சு மருந்து படாமலிருப்பதே நலம்.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் கடன் சங்கங்கள் தோன்றியபோது, வட்டிக் கொடுமையிலிருந்து எளியவரை மீட்பதே அவற்றின் நோக்கமாக இருந்தது. எளியவரை அழுத்தும் பாரம் இன்று வட்டியாக மட்டும் வருவதில்லை. பொருந்தாத மருந்தாகவும் புட்டியில் அடைத்து வருகிறது. இன்னது நோய் என்று தெரியாமல் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பாரத்தைக் கூட்டுவதே.

அந்த அம்மையார் இப்போதும் சங்கத்துக்கு வருகிறார். பங்குனி பிறந்துவிட்டால் முந்தானையில் இரண்டு இலையை முடிந்துகொண்டு வருகிறார். காரியதரிசியின் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் தட்டிக் காட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். அதன் பிறகே மருந்துப் பேச்சு தொடங்குகிறது. ரோஜாக் கடன் கொடுத்துள்ள சங்கம் ஒவ்வொன்றிலும் இந்தப் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், ‘வசதியிருந்தும் கட்டாதவர்’ என்று தவறாக எழுதும் வேலை என்னைப் போன்றவர்களுக்கு நேராது.